எடையைக் கொடுத்து ஒளியை வாங்கும் வித்தை
ரத்தினக் கல்லில் குழிந்த பட்டைகள்

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'டோம் பெட்ரோ' என்றொரு கல் இருக்கிறது. கடல்நீல நிற அக்வாமரீன். உயரம் சுமார் 35 செ.மீ., எடை 10,363 கேரட். அதாவது 2 கிலோவுக்குச் சற்று மேல். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் 1980-களின் இறுதியில் கிடைத்த படிகத்திலிருந்து உருவானது. முன்னால் நின்று பார்த்தால் கல்லுக்குள் நட்சத்திரங்கள் அடுக்கடுக்காக மேலேறுவது போலத் தெரியும். உள்ளே விளக்கு ஏதும் இல்லை. முன்முகம் வழவழப்பாக இருக்க, பின்முகங்களில் செதுக்கிய வெட்டுகள் செய்யும் வேலை அது.

அதைச் செதுக்கியவர் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் பகுதியைச் சேர்ந்த பெர்ன்ட் முன்ஸ்டைனர் (1943–2024). கல்லின் அடிப்பக்கத்தைத் தட்டைப் பட்டைகளாகவே தீட்ட வேண்டும் என்ற பழக்கத்தை மீறியவர்களில் முதன்மையானவர். அவருடையது சிற்பியின் வழி. அதே எண்ணத்தை இயந்திரத்தின் துல்லியத்தோடு மோதிரக் கல்லுக்குள் கொண்டுவந்ததுதான் குழிந்த பட்டை. டக் ஹாஃப்மன் என்பவர் இதற்கென்றே ஓர் இயந்திரத்தை வடிவமைத்தார். ஒஹையோவின் ரிச்சர்ட் ஹோமர் போன்ற அமெரிக்கக் கலைஞர்கள் இந்தப் பாணிக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள்.

கல்லுக்குள் ஒளி படும் பாடு

கல்லை ஒளியால் உயிர்ப்பிக்கலாம் என்பது பழைய அறிவு. இந்தியாவிலிருந்து வரும் பெரில் கற்களை அறுகோணமாகத் தீட்டினால்தான் மங்கிய நிறம் துலங்கும் என்று ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அக்வாமரீனும் பெரில் குடும்பம்தான். நம் காங்கேயம் அருகிலுள்ள படியூர், பெரிலுக்குப் பெயர்போன ஊர்.

பட்டை தீட்டிய கல்லில் ஒளி மேலே நுழைந்து, அடிப்பக்கச் சரிவுகளில் மோதி, மீண்டும் மேலே வரவேண்டும். குறிப்பிட்ட ஒரு கோணத்தைவிட அதிகமாகச் சாய்ந்து மோதினால்தான் ஒளி முழுமையாகத் திரும்பும். வைரத்துக்கு அந்தக் கோணம் ஏறத்தாழ 24.5 டிகிரி, நீலக்கல்லுக்கு 34.5; செவ்வந்திக்கல், சிட்ரின் போன்ற குவார்ட்ஸ் கற்களுக்கு 40.5. வைரத்துக்குத் தாராளமான இடம் இருக்கிறது. குவார்ட்ஸில் சரிவு கொஞ்சம் தணிந்துவிட்டால்கூட ஒளி கீழே கசிந்துவிடும். விரலில் போட்டால் கல்லின் நடுவே தோல் தெரியும்.

தட்டையான பட்டை ஒரு சமதளக் கண்ணாடி. வந்த ஒளியை ஒரே திசையில் திருப்பும். அதே பட்டையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் எடுத்தால், வெளியிலிருந்து பார்க்கக் குழிவு. கல்லுக்குள்ளிருந்து வரும் ஒளிக்கு அது மேடு. மலைப்பாதை வளைவில் நிறுத்தியிருக்கும் குவி ஆடி அகலமான காட்சியைக் காட்டுவது போல, இந்த மேடு ஒளியை விசிறியாக விரிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 மி.மீ. விட்டமுள்ள சுழலும் உருளையால் 2 மி.மீ. அகலத்துக்குப் பள்ளம் எடுத்தால், அதன் ஆழம் 0.17 மி.மீ. மட்டுமே. ஆனால் அந்தப் பள்ளத்தின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் சாய்வு கிட்டத்தட்ட 39 டிகிரி மாறுகிறது. எதிரொளிக்கும் கதிர் அதைப்போல் இருமடங்கு, ஏறத்தாழ 78 டிகிரி, விரிகிறது. அந்த விசிறி அடுத்தடுத்த பள்ளங்களில் மோதி மேலும் சிதற, கல்லை லேசாக அசைத்தாலே மினுக்கல்கள் இடம் மாறுகின்றன.

இன்னொரு லாபமும் உண்டு. பள்ளம் சரிவின் நீளவாக்கில் ஓடுவதால், நேர் மேலிருந்து வரும் கதிர் பள்ளத்தின் ஓரங்களில் இன்னும் அதிகமாகச் சாய்ந்தே விழுகிறது. முதல் மோதலிலேயே ஒளி கசிந்து போவது குறைகிறது. குவார்ட்ஸ் போன்ற கற்களுக்கு இந்த வித்தை பொருந்துவது அதனால்தான்.

உருளையும் பொறுமையும்

வேலை வழக்கம்போலத்தான் தொடங்கும். கல்லை உலோகக் கம்பியின் நுனியில் ஒட்டி, சுழலும் சாணைத் தட்டில் முதலில் தட்டைப் பட்டைகளைப் போடுவார்கள். பிறகு தட்டுக்குப் பதில் சுழலும் உருளை. வைரத் தூள் பூசிய அந்த உருளையின் மேல் கல்லை அழுத்தி, அதன் நீளத்தில் முன்னும் பின்னும் ஓடவிடுவார்கள். ஓட்டம் நின்றால் உருளையின் தேய்மானம் அப்படியே வரிவரியாகக் கல்லில் பதிந்துவிடும்.

உருளை மெலிந்தால் பள்ளம் ஆழமாகும். மேலே கண்ட அதே 2 மி.மீ. அகலத்தை 3 மி.மீ. உருளையால் எடுத்தால் ஆழம் 0.38 மி.மீ. ஆகிவிடும். உருளைக்குப் பதில் கூம்பு வடிவத் தண்டை வைத்தால், ஒரு முனையில் குறுகி மறுமுனையில் அகன்ற பள்ளம் கிடைக்கும். பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் பள்ளம் எடுக்கிறார்கள். மேல்பக்கம் அன்றாட உரசலைத் தாங்க வேண்டுமே.

சிரமமெல்லாம் மெருகில்தான். வைரத் தூளின் பருமன் படிப்படியாகக் குறைய, ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் உருளை அதே தடத்தில் உட்கார வேண்டும். இம்மி விலகினாலும் பக்கத்துப் பட்டையோடு சேரும் விளிம்பு கோணிவிடும்.

யாருக்கு லாபம்?

ரத்தின வியாபாரத்தில் கேரட்தான் விலையின் அளவுகோல். பள்ளம் எடுக்க எடுக்க எடை குறையும், வேலைநேரம் கூடும். உயர்தர மாணிக்கத்தில் சிறு இழப்பும் பெருந்தொகை. அதனால் வெளிர்நிறப் பெரிய செவ்வந்திக்கல், சிட்ரின், டோபாஸ் ஆகியவற்றில்தான் இந்த வேலையை அதிகம் பார்க்கலாம். கச்சாக் கல் மலிவு. விலையில் பெரும்பங்கு கைவேலைக்குப் போகிறது.

வாங்குகிறவர் உருப்பெருக்கி வைத்துப் பள்ளத்தின் அடிமட்டத்தைப் பார்க்க வேண்டும். கோடுகளோ மூட்டமோ தெரிந்தால் மெருகு பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். பள்ளங்கள் சந்திக்கும் விளிம்புகள் கூர்மையாக, ஒரே புள்ளியில் சேர வேண்டும். அணியத் தொடங்கிய பின் எண்ணெயும் சோப்பும் பள்ளங்களில் படிந்து பளபளப்பைக் குறைக்கும். மெல்லிய பிரஷ்ஷால் அவ்வப்போது கழுவ வேண்டும். அடிபட்டுப் போனால் எல்லாப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது. உருளை இயந்திரம் உள்ள இடத்தைத்தான் தேடிப் போகவேண்டும். விலை பேசும்போதும், தட்டைப் பட்டைக் கல்லின் கேரட் விலையை இதற்கு உதாரணம் காட்டிக் குறைக்கக் கேட்பது சரியாகாது. இங்கே பேரம் கல்லுக்கு இல்லை, கூலிக்கு.