மொச்சை பிதுக்கும் காலை

மார்கழியிலும் தையிலும் வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துச் சந்தைகளில் பச்சை மொச்சை குவிந்து கிடக்கும். காயை உரித்துக் கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் தோல் கையோடு நின்றுவிடும். பருப்பு நழுவிக் கிண்ணத்தில் விழும். இதற்கு அடுப்பு வேண்டாம், கத்தி வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். கண் மங்கியவர்கள்கூட விரல் உணர்விலேயே செய்துவிடலாம். முதியோர் இல்லங்களுக்குக் குளிர்காலத்தில் இதைவிடத் தோதான கைவேலை கிடைப்பது அரிது. பிதுக்கிய பருப்பை வேகவைத்து, கடுகு கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ப்பூ தூவினால் பதினோரு மணிக்குச் சூடான சிற்றுண்டி தயார். தோல் போய்விட்டதால் பல் இல்லாதவர்களும் மசித்துச் சாப்பிடலாம்.

ஆனாலும் பல இல்லங்களில் அந்த நேரத்தில் காய் நறுக்குவது, உரிப்பது எல்லாம் சமையலறைப் பணியாளர்களின் வேலை. நாற்பது வருடம் ஒரு குடும்பத்துக்கே உலை வைத்த பெண்கள், வெளியே நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து சாப்பாட்டு மணிக்குக் காத்திருக்கிறார்கள்.

கார்த்திகை தீபம் தொடங்கிப் பொங்கல் வரை தமிழ்நாட்டின் பலகாரக் காலம். பொரி உருண்டை, அப்பம், திருவாதிரைக் களி, வெண்பொங்கல், கரும்பு, கிழங்கு என்று வாரம் ஒன்று வரும். முதியோர் இல்லங்களிலும் இவை வருகின்றன. பெரும்பாலும் வெளியிலிருந்து, டப்பாக்களில் வருகின்றன. பிறந்தநாள், திருமண நாள், திதி என்று ஏதோ ஒரு காரணத்தோடு ஒரு குடும்பம் வந்து லட்டும் மிக்சரும் கொடுத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறது. நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் வாரத்தில் மூன்று நாள் இப்படி நடக்கும் ஓர் இல்லத்தில், எண்பது வயதுப் பெண் ஒருத்தி வருடம் முழுவதும் வாங்கிக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் மட்டுமே இருக்கிறாள். தன் கையால் பிறருக்கு ஒரு வாய் கொடுக்க அவளுக்கு ஒரு நாள்கூட வாய்ப்பதில்லை. முதியோர் இல்லங்களைப் பற்றிக் கவலைப்பட எத்தனையோ இருந்தாலும், அதிகம் பேசப்படாத கவலை இது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கிராமப்புறப் பராமரிப்பு இல்லத்துக்குப் பொறுப்பேற்ற மருத்துவர் இதையே வேறு விதமாகச் சொன்னார். அங்கிருந்தவர்களை வாட்டியவை தனிமை, கையறு நிலை, சலிப்பு என்ற மூன்றும்தான் என்பது அவர் கணிப்பு. கையறு நிலைக்கு அவர் சொன்ன மருந்து, பராமரிப்பைப் பெறுகிறவரே பராமரிக்கவும் வேண்டும் என்பது. கிளிகள், நாய்கள், பூனைகள், செடிகள் என்று இல்லத்துக்குள் உயிர்களைக் கொண்டுவந்து விட்டார். அதற்கும் முன்பு, 1976-இல், கனெக்டிகட் மாநிலத்து இல்லம் ஒன்றில் இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு புகழ்பெற்றது. ஒரு மாடியில் இருந்தவர்களுக்குச் செடியைக் கொடுத்து, நீங்களே வளர்க்க வேண்டும் என்றார்கள். இன்னொரு மாடியில் செடியைக் கொடுத்துவிட்டு, செவிலியர் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். பொறுப்பு பெற்ற மாடியில் இருந்தவர்களே கூடுதல் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியுமாக இருந்தார்கள்.

நம் ஊரில் செடிக்கும் கிளிக்கும் பதிலாக ஒரு தாம்பாளம் மாவே போதும்.

வட மாவட்டத்துச் சிறிய இல்லம் ஒன்றில் பிடி கொழுக்கட்டை செய்யும் காலையைப் பார்த்தால் இது விளங்கும். அரிசி ரவையைச் சமையல்காரர் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து மேசைக்குக் கொண்டுவருகிறார். தட்டு நழுவாதபடி அடியில் ஈரத்துணி. சக்கர நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் மேசை. பக்கவாதத்தில் வலக்கை விழுந்த ஒரு பெரியவர் இடக்கையால் தேங்காய்த் துருவல் தூவுகிறார். மறதி நோய் முற்றத் தொடங்கிய ஒரு பாட்டிக்குப் பணியாளர் எதுவும் சொல்லித் தரவில்லை. முன்னால் மாவை வைத்ததும் உள்ளங்கையில் ஒரு துளி எண்ணெய் தடவிக்கொண்டார், ஓர் உருண்டை எடுத்தார், பிடித்தார். தட்டில் வைத்தபோது நான்கு விரல் தடங்களும் அழுத்தமாகப் பதிந்திருந்தன. காலை உணவு சாப்பிட்டோமா என்பது நினைவில்லாதவர், பக்கத்தில் இருந்த பணியாளரிடம், “மாவு இறுகுது பாரு கண்ணு, கொஞ்சம் வெந்நீர் தெளி” என்றார். அவர் சொன்னது சரி.

பெயர்களும் தேதிகளும் நழுவிய பிறகும் கை பழகிய வேலைகள் நெடுநாள் தங்கும் என்பது மறதி நோய் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. நினைவு வைத்துச் சொல்லும் ஆற்றல் முதலில் அடிபடுகிறது. செய்து பழகிய ஆற்றல் அதைவிடத் தாமதமாகவே குறைகிறது. அதனால்தான் “பாட்டி, கொழுக்கட்டை எப்படிச் செய்யணும், சொல்லுங்க” என்று கேட்டால் விழிப்பவர், மாவைக் கொடுத்தால் செய்துவிடுகிறார்.

பல்லும் தொண்டையும் தனிக் கவனம் கேட்பவை. எள்ளுருண்டை இந்தப் பருவத்துக்கு ஏற்றது. நூறு கிராம் எள்ளில் ஏறக்குறைய ஆயிரம் மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் முழு எள் பல்செட்டுக்கு அடியில் புகுந்து ஈறைக் குத்தும். எள்ளை வறுத்து ஆறவைத்து, வெல்லத்தூளோடு மிக்சியில் ஒரு சுற்று சுற்றிப் பொடித்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை, பாகு காய்ச்சும் ஆபத்தும் இல்லை. உருண்டை பிடிப்பது முழுக்க முதியோர் கைக்கு வந்துவிடும். பொரி உருண்டைக்குப் பாகு இல்லாமல் முடியாது. அங்கே அடுப்பருகில் சமையல்காரர் நிற்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு உருள்கிறதா என்று பதம் பார்த்துச் சொல்வது நாற்காலியில் இருப்பவரின் வேலையாகட்டும். கல்யாணப் பந்தி சமைத்த தவசிப்பிள்ளைகளும் டீக்கடை நடத்தியவர்களும் ஆண்கள் பகுதியில் இருப்பார்கள். இந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தால் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அம்மிணிக் கொழுக்கட்டையில் சின்ன உருண்டைகளை அப்படியே விடக்கூடாது. வழுக்கும் உருண்டை தொண்டையை அடைத்துவிடும். ஒவ்வொன்றையும் பெருவிரலால் தட்டையாக அழுத்தி விட வேண்டும். விறைத்த விரல்களுக்கு அதுவே பயிற்சி. தாளிப்பில் கடலைப்பருப்பு வேண்டாம். பக்கவாதமோ நடுக்குவாதமோ வந்து விழுங்கச் சிரமப்படுபவர்கள் செய்வதில் தாராளமாகச் சேரலாம்; எதைச் சாப்பிடலாம் என்பதை அவர்களைப் பார்க்கும் மருத்துவரோ விழுங்கல் பயிற்சி தருபவரோ சொல்ல வேண்டும். எல்லோருமே நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருப்பது நல்லது. வெல்லமும் சர்க்கரையைப் போலவே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நாட்டு வெல்லம் என்பதால் நீரிழிவுக்காரர் கூடுதலாக ஓர் உருண்டை எடுத்துக்கொள்ள முடியாது.

சுத்தம், தீக்காயம், ஆள் பற்றாக்குறை என்று நிர்வாகிகள் தயங்குவதுண்டு. காலமெல்லாம் அடுப்படியில் வெந்தது போதும், இனி ஓய்வாக இருக்கிறேன் என்று சொல்லும் பெண்களும் உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது. ஆனால் கை கழுவவும் நகம் வெட்டவும் பத்து நிமிடம், வேலைக்கு முக்கால் மணி நேரம், அடுப்பு ஒருவர் பொறுப்பில் என்று வகுத்துக்கொண்டால் மற்ற தயக்கங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. காலை பத்து மணிக்குத் தொடங்குவது உத்தமம். மறதி நோய் உள்ளவர்களுக்குச் சாயங்காலத்தில் குழப்பம் கூடும்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி இல்லங்கள் அமைக்க மாநில அரசுகளுக்கு வழிசெய்கிறது. அங்கே மருத்துவ வசதிக்கும் பொழுதுபோக்குக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும் பேசுகிறது. பொழுதுபோக்கு என்றால் நடைமுறையில் தொலைக்காட்சியும் பஜனையும்தான். இரண்டிலும் முதியவர் பார்வையாளராகவோ கேட்பவராகவோதான் இருக்கிறார். அதைத் தாண்டி அவர் செய்த ஒன்று இன்னொருவர் கைக்குப் போக வேண்டும். பிடித்த கொழுக்கட்டையில் ஒரு தட்டு பக்கத்து அங்கன்வாடிக்குப் போகலாம். இரவுப் பணி முடித்த செவிலியருக்கு ஒரு கிண்ணம் போகலாம். லட்டு டப்பாவோடு வந்த குடும்பத்துக்கே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம். ஊரில் வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியறியாத மனிதர்கள் இவர்கள்.

இந்தப் பொங்கலுக்கு இல்லம் ஒன்றுக்குப் போக நினைப்பவர்கள் இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக ஐந்து கிலோ மொச்சைக்காய் வாங்கிப் போகலாம். முதல் நாள் மாலையே கொண்டுபோய் எல்லோருமாக உரித்து ஊறப்போட்டால்தான் காலையில் தோல் சுலபமாகக் கழலும். மறுநாள் பிதுக்கும் நேரத்தில் மேசையில் அவர்களுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். எப்படிப் பிதுக்குவது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம்.