வெட்பாலையும் வேதியியலும்

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கிறது தம்மம்பட்டி. ஒரு தலைமுறைக்கு முன்பு இங்கே பிள்ளைக்குச் சொறி, சிரங்கு என்றால் வேலியோரத்துக் குப்பைமேனியைத்தான் முதலில் தேடுவார்கள். மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசி, காய்ந்ததும் குளிப்பாட்டுவார்கள். செதில் உதிரும் தோல்நோய்க்கு வெட்பாலை. இரும்பு படாமல் கையால் கிள்ளிய இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் கரும் ஊதாவாகிவிடும். அந்த நிறம் ஏறிவிட்டதா என்று பார்ப்பதுதான் அன்றைய தரச் சோதனை. அது ஏன் ஏறுகிறது என்ற கேள்வி எழவில்லை.

இன்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சேலத்திலும் குமாரபாளையத்திலும் பார்மசி கல்லூரிகள் இருக்கின்றன. 2014 விதிமுறைப்படி வந்த பி.பார்ம் பாடத்திட்டத்தில் ஆறாம் பருவத்தில் மூலிகை மருந்துத் தொழில்நுட்பம் தனிப் பாடம்; மூலிகைச் சாற்றைக் கிரீமிலும் ஷாம்புவிலும் சேர்த்துச் சோதிப்பது அதன் செய்முறை. வெட்பாலை இலையில் இண்டிகோ வகைச் சாயப்பொருள்கள் உள்ளன, அவற்றில் இண்டிருபின் சொரியாசிஸுக்காக ஆராயப்பட்டது என்பதெல்லாம் இன்றைய மாணவிக்குப் படித்தறியக் கிடைக்கிறது.

இதைவிடப் பெரிய லாபம் எச்சரிக்கை. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனியை உண்டால் சிவப்பணுக்கள் சிதையலாம் என்பதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடலாம். கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் வாங்குவது பல நேரம் வேறு கிழங்கு. "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையோடு வகுப்புக்குள் நுழைகிற பிள்ளைகள் உண்டு. அதை அசைக்காத படிப்பு எனக்குப் பாதிப் படிப்பாகவே தெரிகிறது.

இழந்ததும் உண்டு. இலைப்பொடியை நுண்ணோக்கியில் வைத்து இலைத்துளையின் வகையைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அதே செடி வாய்க்கால் வரப்பில் நின்றால் அடையாளம் காணத் தடுமாற்றம். குப்பைமேனிக்கு அகாலிஃபா இண்டிகா என்ற பெயர் சட்டென்று வருகிறது, கை செடிக்குப் போவதில்லை. பாட்டிகள் கதிருக்கு முந்திய தளிரையும் முற்றிய இலையையும் விரலாலேயே பிரித்தறிவார்கள். அந்தப் பழக்கத்தை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. கேட்கலாம், கொல்லிமலை பக்கத்தில்தான் இருக்கிறது, மூலிகைக்கும் அங்கே பஞ்சமில்லை.