நெல்லிமரமும் சோளகரும்

காட்டிலிருந்து ஔஷதப் பொருள்களை எடுப்பதால் காடு அழியுமா என்று கேட்பவர்கள், எந்த மூலிகை எடுக்கப்படுகிறது என்பதற்கு முன்பு, அதன் எந்த அங்கம் எடுக்கப்படுகிறது என்பதையே விசாரிக்க வேண்டும். மாகாளிக்கிழங்கைத் தோண்டுகிறவன் பெரும்பாலும் கொடியையே மாய்த்துவிடுகிறான். அசோகின் பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகிறது. நெல்லிக்காயைப் பறிப்பவனோ மரத்தை அடுத்த வருஷத்துக்கென்று விட்டுவைத்துத்தான் திரும்புகிறான்.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலக் காடுகளை ஒட்டிக் கிடக்கும் பிலிகிரிரங்கன் மலையில், சோளகர் என்னும் ஆதிகுடிகளுக்கு இந்த நெல்லிக்காய் வெகுகாலமாக ஜீவனோபாயமாக இருந்து வந்திருக்கிறது. சியவனப்பிராசத்துக்கு அதுவே பிரதான சரக்கு; திரிபலா சூரணத்தின் மூன்று காய்களில் அதுவும் ஒன்று. ஆண்கள் மரமேறிக் கிளையை உலுக்கியும் கோலால் தட்டியும் காயை உதிர்க்க, கீழே பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிச் சாக்கில் கட்டுவார்கள். சேர்ந்த காய் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் விலையாகும். அவசரத்தில் கிளையையே வெட்டித் தள்ளுகிறவர்களும் உண்டு. அது பிழைதான், மறுப்பதற்கில்லை.

1974-இல் சரணாலயமாக்கப்பட்ட அந்த வனத்தில் நெல்லிமரங்கள் குறைந்து வருவதும், இளங்கன்றுகள் அருகிப்போவதும் தெரியவந்தபோது, சந்தேகம் இயல்பாகவே காய் பறிப்பவர்கள் மேல் விழுந்தது. சோளகர் சொன்ன காரணம் வேறு. கிளைகளில் பற்றிப் பெருகிவிட்ட புல்லுருவியே மரத்தைக் கொல்கிறது என்றார்கள். பிசுபிசுப்பான அதன் விதையைப் பறவைகள் கிளையில் விட்டுச் செல்ல, அது பட்டைக்குள் வேர்போல் இறங்கி மரத்தின் சாரத்தை உறிஞ்சுகிறது. பற்றிய கிளை காய்ப்புக் குன்றி, நாளடைவில் உலர்ந்துபோகிறது. முற்காலத்தில், கோடை முற்றுமுன்பே சருகுகளுக்குத் தாங்கள் வைத்த சிறு நெருப்பு புல்லுருவியையும் உண்ணிச்செடியையும் அடக்கி வைத்திருந்ததென்றும், அவ்வழக்கம் தடுக்கப்பட்ட பிறகே இரண்டும் கட்டுமீறின என்றும் அவர்கள் கூறினார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் மரங்களைக் கணக்கெடுத்துப் பார்த்ததில், காய் பறிப்பதால் விளையும் சேதத்தைவிடப் புல்லுருவியாலும் உண்ணிச்செடிப் புதராலும் நேரும் நாசமே பெரிதென்று தெளிந்தது. எழுத்தறியாத சோளக முதியவர்களின் அனுபவமும் விஞ்ஞான அளவீடும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்ததை நான் மிகுந்த மதிப்புடன் நினைக்கிறேன்.

இதற்கிடையில் 2004-ஆம் ஆண்டு முதல் சரணாலயத்துக்குள் வியாபாரத்துக்காக வன விளைபொருள் சேகரிப்பது தடுக்கப்பட்டது. காடு காக்கப்பட வேண்டும் என்ற நல்லெண்ணத்தை நான் குறைகூறவில்லை. ஆயினும், காய் பறிக்க ஏறும்போதே புல்லுருவி பற்றிய கொம்பைக் கண்டு கழித்துவிடும் கைகளும் அத்துடன் மரத்தைவிட்டு விலகிவிட்டன. சோளகர் வருமானம் இழந்தார்கள், நெல்லியின் க்ஷீணமோ நிற்கவில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, 2011-இல் அம்மலையின் பல சோளகர் கிராம சபைகளுக்கு, வன விளைபொருள் சேகரிப்பது உள்ளிட்ட சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. அதே ஆண்டில் அவ்வனம் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டிய அவசியம் யாதுமில்லை. எந்த மரத்தில் எவ்வளவு பறிப்பது, எந்தக் கிளையைக் கழிப்பது, எங்கே எப்போது நெருப்பிடுவது என்பவற்றை நிர்ணயிக்கும் சபையில் வன அதிகாரியோடும் ஆராய்ச்சியாளரோடும் சரிநிகராகச் சோளகரும் அமர வேண்டும். அரசாங்கங்கள் இதைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை.