காரையாற்றுக்கு ஏறும் சுமை

ஆடி அமாவாசை நெருங்கிவிட்டால் பத்தமடை வழியாகப் போகும் பாபநாசம் சாலையில் ராத்திரி பகல் கிடையாது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று மேற்கே ஓடும் வேன்களில் அரிசி மூட்டை, சமையல் பாத்திரம், தார்ப்பாய், கோரைப்பாய், நேர்ந்துவிட்ட கிடா எல்லாம் ஏறியிருக்கும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் திருவிழாவுக்குப் போகிற கூட்டம் அது. கீழே வெயில் காய்ந்தாலும் பொதிகையில் சாரல் விழுகிற காலம்.

இங்கே கும்பிட்டுவிட்டு உடனே திரும்புகிற வழக்கம் இல்லை. ஆற்றங்கரையில் குடில் போட்டு, பொங்கி, கிடா வெட்டி, உறவுக்கெல்லாம் சோறு போட்டுத் தங்கினால்தான் திருவிழா. சிங்கம்பட்டி ஜமீன் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் கொலுவிருந்து மக்களுக்குக் காட்சி தருவார். ஜமீன் ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்த மரியாதை குறையவில்லை. 2020 மே மாதம் அவர் காலமானார்.

இந்தக் கோயிலில் என்னை மிகவும் தொடுவது பட்டவராயன் சன்னதி. அங்கே காணிக்கை, தோல் செருப்பு. பட்டவராயன் ஆன முத்துப்பட்டன் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர்மீதும் ஆசைப்பட்டான். குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைத்துப் பிழைக்கச் சம்மதித்த பிறகே பெண் கிடைத்தது. மாட்டுக் கிடையைக் காக்கப் போன இடத்தில் களவாணிகள் கையால் செத்தான். பெண்கள் உடன்கட்டை ஏறினார்கள். அந்தப் பெண்களும் பிறப்பால் பிராமணர்களே என்று சில வில்லுப்பாட்டுகளில் சேர்த்துப் பாடுகிறார்கள். அந்த ஒட்டு வேண்டாம்; அதைச் சேர்த்தால் பட்டன் விட்டுவந்ததற்கே மதிப்பில்லாமல் போய்விடும். தாமிரபரணிக் கரையின் எல்லாச் சாதிக்காரர்களும் செருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். காணிக்கைச் செருப்பு அடுத்த வருஷத்துக்குள் தேய்ந்திருக்கும், பட்டவராயன் போட்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை.

செருப்பை மலை ஏற்றுக்கொள்கிறது. கோயில் இலுப்பை மரத்தில் நேர்ந்து கட்டிய மணியையும் மரம் பட்டைக்குள் வாங்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக்கை என்ன செய்யும்?

கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். காணிப் பழங்குடி மக்கள் குடியிருக்கும் காடும் அதுதான். அதனால் இப்போது தங்கும் நாட்களைக் குறைத்துவிட்டார்கள். சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏற வேண்டும். “அண்ணாச்சி, அந்தக் கவரை இங்கனயே போட்டுட்டுப் போங்க” என்று செக்போஸ்ட்டில் சொன்னால் முகம் சுளிக்கிறோம். பாட்டன் காலத்து உரிமை என்கிற வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாட்டன் வாழை இலையோடு போனார். கட்டுப்பாடு சரி என்பதே என் எண்ணம்.

மலைக் கொண்டாட்டம் எங்கேயும் மலையை நம்பித்தான் நடக்கிறது. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் கோடையிலும் பனியாற்றின்மேல் சறுக்கி விளையாடுவார்கள். 2022 கோடை வெப்பத்தில் பனி உருகி, ஜூலை கடைசியில் அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. நம் பொதிகையில் பனி இல்லை, தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் தாமிரபரணியாக இறங்கி வந்துதான் பத்தமடைப் பாய் உருவாகிறது. ஆற்றோரக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உப்பியதும் நார் நாராகக் கிழித்து, நூல்பாவில் கோத்து நெய்கிறார்கள். அதிலும் நுணுக்கமான பட்டுப்பாயைத் துணிபோல் மடித்துவிடலாம். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தப் பாய்க்குத்தான்.

அதே ஆற்றில், பாபநாசம் படித்துறையில், பரிகாரம் என்று உடுத்திய துணியை அவிழ்த்து விட்டுவிடுகிறோம். டன் கணக்கில் அள்ளியும் தீரவில்லை. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இது. பாயும் செருப்பும் சுமந்து இத்தனை தூரம் ஏறுகிறவர்களுக்கு, நனைந்த வேட்டியையும் சேலையையும் பிழிந்து வீட்டுக்கு எடுத்துவருவது பெரிய பாரமில்லை. துணி விடாமல் தலைமுழுகினாலே போதும் என்று படித்துறையில் சடங்கு செய்துவைக்கிறவர்களே சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.