நம்ம ரத்தம், கொசுவோட மஞ்சள் கரு

இன்டர்ன்ஷிப்புக்காக ஆரம்பாக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கினப்போ, எங்களுக்குப் பெரிய தலைவலி ரெண்டு. ஒண்ணு, காலையில கும்மிடிப்பூண்டி ட்ரெயினைப் பிடிக்கிறது. இன்னொண்ணு கொசு. ரூம்மேட் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான், கொசு நம்மளை ஏன் கடிக்குதுன்னு தேடிப் படிச்சேன்.

பசிக்காகன்னு நினைச்சீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கொசுவோட அன்றாடச் சாப்பாடு பூந்தேன், செடிச் சாறு. ஆண் கொசு கடிக்கிறதே இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி பெண் கொசு கடிப்பது முக்கியமா முட்டைக்காக. முட்டைக்கு மஞ்சள் கரு வேணும். உள்ளே வளரும் குஞ்சுக்கு அதுதான் கட்டுச்சோறு. அதுக்கான புரதம் பூந்தேனில் கிடைக்காது, ரத்தத்தில் இருக்கு.

கடிக்கும் வரை கருமுட்டைகள் ஸ்டாண்ட்பை மோடில் காத்திருக்கும். ரத்தம் வயிற்றுக்குள் போனதும் வேலை ஆரம்பம். மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி சூலகத்தை எழுப்பும். சூலகம் எக்டைசோன் ஹார்மோனைச் சுரக்கும். அந்த சிக்னலும், செரித்த ரத்தத்தின் அமினோ அமிலங்களும் சேர்ந்து கொழுப்புத் திசுவை முடுக்கிவிடும். அது வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைத் தயாரித்துக் கொட்டும். மஞ்சள் கருவின் மூலப்பொருள் இதுதான்.

அது முட்டைக்குள் எப்படிப் போகுது? 1964-இல் ராத், போர்ட்டர் என்ற ரெண்டு விஞ்ஞானிகள் இந்தக் கொசுவின் கருமுட்டையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாங்க. ரத்தம் குடித்த 7 மணி நேரத்தில் அதன் மேற்பரப்பில் குட்டிக் குட்டிக் குழிகள் 15 மடங்கு கூடியிருந்தன. குழி புரதத்தைப் பிடித்து, உள்வாங்கி, பை மாதிரி மூடிக்கொள்ளும். நம்ம செல்கள் கொலஸ்ட்ராலை இழுப்பதும் இதே வழியில்தான். அதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைச்சது.

சுமார் மூணு நாளில் நூறு முட்டை வரை ரெடி. அடுத்த ஈட்டுக்கு மறுபடியும் ரத்தம் வேணும். டெங்குவுக்கு இதுதான் வசதி. முதல் கடியில் கொசுவுக்குள் போன வைரஸ் பரவத் தயாராக 8 முதல் 12 நாள் ஆகும். அதற்குப் பிறகு வரும் ஈடுகளுக்காகக் கடிக்கும்போது அடுத்த ஆளுக்கு ஏறிவிடும்.

இன்னொரு விஷயம். ஏடிஸ் முட்டையை டிரம்மின் உள்சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் உள்ளே இருக்கும் புழு அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை வைத்து மாசக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஐப்பசி மழையில் டிரம் நிரம்பினால் பொரிந்துவிடும்.

நாங்க டிரம்மைக் கவிழ்த்துட்டு "முடிஞ்சது"ன்னு நினைச்சோம். முடியலை. முட்டை சுவரிலேயே இருந்திருக்கு. அதனால ஹாஸ்டலோ ரூமோ, வாரம் ஒருமுறை தண்ணியைக் கொட்டிட்டு உள்சுவரை பிரஷ் போட்டு அழுத்தித் தேயுங்க. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். பழைய டயர், கூலர் ட்ரே, பூந்தொட்டித் தட்டையும் விட்டுடாதீங்க.