இலை உதிரும் காலம் எது?

ஐப்பசி பிறந்தால் காற்று திசை மாறும். அதுவரை தென்மேற்கிலிருந்து வீசிய காற்று, இனி வடகிழக்கிலிருந்து வரும். வங்கக் கடலின் ஈரத்தைக் கொண்டுவரும். விஜயபுரம், நகரிப் பக்கத்து ஏரிகள் இந்த மழைக்குத்தான் காத்திருக்கும்.

ஐரோப்பா போன்ற குளிர் நாடுகளில் இதே மாதங்களுக்கு இலையுதிர் காலம் என்று பெயர். நம் ஊரில் அப்படியா? வெளியே போய்ப் பாருங்கள். வேம்பு பச்சையாக நிற்கிறது. வேம்பும் புங்கனும் இங்கே இலை கொட்டுவது மாசி, பங்குனியில். நம் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் அதைச் சிசிர ருது என்பார்.

மரம் ஏன் இலையை உதிர்க்கிறது? இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போகிறது. குளிர் நாட்டில் மண்ணில் உள்ள நீர் உறைந்துவிடும். வேரால் உறிஞ்ச முடியாது. இங்கே மாசியில் மண் காய்ந்துவிடும். இரண்டு இடத்திலும் தண்ணீர்த் தட்டுப்பாடுதான். ஆனால் மரம் வீணாக எதையும் விடுவதில்லை. இலையில் உள்ள சத்தில் ஒரு பகுதியை முதலில் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். காம்பு விழுந்த இடத்தை மெல்லிய தோல் போல மூடிவிடும். புங்கன் சில நாள்தான் மொட்டையாக நிற்கும். பிறகு பளபளவென்று துளிர்த்துவிடும்.

ஐப்பசியில் இலை கொட்டவில்லை என்று வேம்பை யாரும் குறை சொல்வதில்லை. மனிதரை மட்டும் சொல்கிறோம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்கிறோம். சிறு வயதில் ஆடு மேய்த்தவர்கள், தறியில் உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பள்ளிக்குப் போக வழி இல்லை. நாற்பது வயதில் எழுத்துக் கற்றவர்கள் இன்று திருத்தணி பஸ்ஸின் பலகையைத் தாமே படித்து ஏறுகிறார்கள். அந்தப் பழமொழி மூங்கிலுக்குச் சரி. நமக்குச் சரியில்லை.

எழுத்துப் பழகும் சிலர், "ஒரு மாதமாக முன்னேற்றமே இல்லை" என்று சலித்துக்கொள்வார்கள். அவர்கள் ஒரு மாந்தோப்பைப் பார்க்க வேண்டும். சித்தூர்ப் பக்கம் மழை ஓய்ந்ததும் மாமரத்துக்குத் தண்ணீர் விடமாட்டார்கள். மரம் சும்மா நிற்பது போலத் தோன்றும். "ஐயோ, வாடுகிறதே" என்று மார்கழியில் தண்ணீர் பாய்ச்சினால், மரம் தளிர் விடும். பூ குறைந்துவிடும். காய்ச்சலும் பனியும் சேர்ந்தால்தான் தை மாதத்தில் பூங்கொத்து வெளியே வரும். பூ உதிர்ந்து, பிஞ்சு பட்டாணி அளவு ஆன பிறகுதான் விவசாயி மடையைத் திறப்பார்.