மாத்திரையும் அரளியும்: இதய செல்லில் நடக்கும் பண்டமாற்று

பாளையங்கோட்டையிலிருந்து ஒருத்தர் கேள்வி அனுப்பியிருந்தாங்க. அவங்க அத்தை இதயத்துக்கு டைஜாக்சின் மாத்திரை சாப்பிடுறாங்க, கூடவே நீர் பிரிய ஒரு மாத்திரை. டாக்டர் ஏன் அடிக்கடி பொட்டாசியம் டெஸ்ட் எழுதுறாரு, இதயத்துக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டிருந்தாங்க. இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுக்கான பதில்தான்.

முதல்ல கால்சியம். 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கரைசலில் இதயம் நன்றாகத் துடித்தது. அதையே காய்ச்சி வடித்த நீரில் தயாரித்தபோது துடிப்பு நின்றுபோனது. விசாரித்தால், முன்பு அவருடைய உதவியாளர் கலந்தது சாதாரண குழாய்த் தண்ணீர். அந்தத் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. தண்ணி ருசியை வச்சே ஊர் சொல்ற நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசை செல்லுக்குள் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் நுழைகிறது. அந்தக் கொஞ்சம், செல்லுக்குள்ளேயே இருக்கிற சேமிப்புப் பையைத் திறந்துவிடும். பையிலிருந்து நிறைய கால்சியம் கொட்டும், தசை சுருங்கும். தளர வேண்டிய நேரத்தில் பெரும்பகுதி பைக்கே திரும்பிவிடும். ஆனால் வெளியிலிருந்து வந்த பங்கு வெளியே போயாகணும், இல்லைன்னா துடிப்புக்குத் துடிப்பு உள்ளே சேர்ந்துகிட்டே போகும்.

அதை வெளியேற்றுகிற முக்கியமான வாசல்தான் சோடியம்-கால்சியம் பரிமாற்றி. சரியான பண்டமாற்று: மூணு சோடியம் உள்ளே வரும், ஒரு கால்சியம் வெளியே போகும். இதற்கான சக்தி எங்கிருந்து? பாபநாசம் மின்நிலையத்தை நினைச்சுக்கோங்க. மேலே தேங்கிய தண்ணி கீழே இறங்குற வேகத்துல டர்பைன் சுத்துது. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. அது உள்ளே இறங்கத் துடிக்கிற வேகம்தான் கால்சியத்தை வெளியே தள்ளுது. ஒரே வித்தியாசம், பொதிகை மலையில மழை தண்ணியை மேலே ஏத்துது. செல்லில் அந்த வேலையைச் செய்ய ஒரு பம்ப் இருக்கு. அது ஏடிபி-யைச் செலவழித்து மூணு சோடியத்தை வெளியே தள்ளி, ரெண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும்.

டைஜாக்சின் பிடிப்பது இந்தப் பம்ப்பைத்தான். பரிமாற்றியை அது தொடுவதே இல்லை. பம்ப் மந்தமானால் உள்ளே சோடியம் கொஞ்சம் ஏறும், இறக்கத்தின் வேகம் குறையும், கால்சியம் வெளியேறுவது தளரும். மிச்சமான கால்சியம் பையில் சேர்ந்து, அடுத்த துடிப்பு பலமாக வரும். பலவீனமான இதயத்துக்கு அது உதவி.

ஆனா அளவு தாண்டினா இதே ஏற்பாடு திரும்பி அடிக்கும். நிரம்பி வழிகிற பை, யாரும் கேட்காமலேயே கால்சியத்தைக் கக்கும். பரிமாற்றி அதை வெளியேற்ற ஓடும். இங்கேதான் கணக்கைப் பார்க்கணும்: மூணு சோடியம்னா மூணு பாசிட்டிவ் மின்னூட்டம், ஒரு கால்சியம்னா ரெண்டு. ஒவ்வொரு மாற்றிலும் ஒரு பாசிட்டிவ் உள்ளே மிச்சம். அது போதுமான அளவு சேர்ந்தால், நேரம் தப்பி ஒரு துடிப்பு கிளம்பும். காப்பாத்த வந்த வாசலே கலகத்தைத் தொடங்கி வைக்குது. இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் பயப்படுற இடமும் இதுதான்.

இப்போ பொட்டாசியம். பம்ப்பின் வெளிப்பக்கத்தில் பொட்டாசியமும் டைஜாக்சினும் போட்டி போடும். நீர் மாத்திரையால், இல்லை ரெண்டு நாள் வயித்துப்போக்கால், ரத்தத்தில் பொட்டாசியம் குறைஞ்சா, அதே பழைய டோஸ் மாத்திரையே அதிகமாக வேலை செய்யும். டைஜாக்சின் சிறுநீரகம் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறும், அதனால் கிரியாட்டினினும் பார்ப்பாங்க. பசியே இல்லை, குமட்டல், பார்க்கிறதெல்லாம் மஞ்சளா தெரியுது, நாடி ரொம்ப மெதுவா போகுது, தாறுமாறா இருக்குன்னு அத்தை சொன்னா அன்னைக்கே டாக்டரிடம் பேசுங்க. நீங்களா மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

நாற்கரச் சாலை நடுவுலயும் வீட்டு வேலியிலயும் பூத்து நிக்கிற அரளியில் இருப்பதும் இதே இனத்துப் பொருள். மஞ்சள் அரளியிலும் உண்டு. அதே பம்ப், அதே கணக்கு. அளந்து கொடுக்க டாக்டர் இல்லை, அவ்வளவுதான். ஒரு குழந்தை வாயில் போட்டுவிட்டால் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே ஈசிஜி வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு, நம்ம பக்கம்னா ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. முதல் சில மணி நேரம் நல்லாத்தான் இருக்கிற மாதிரி தெரியும். அதை நம்பித் திரும்பி வரக்கூடாது. மருந்து உண்டு, தற்காலிக பேஸ்மேக்கர் உண்டு. டைஜாக்சினுக்கு எதிரான ஆன்டிபாடி மஞ்சள் அரளிக்கும் வேலை செய்யும்னு இலங்கையில் நடந்த ஆய்வு 2000-இல் லான்செட்டில் வந்தது. ஆனால் அதன் விலைதான் எட்டாத உயரத்தில் நிற்கிறது.

அத்தை இளநீர் குடிக்கலாமான்னும் கேட்டிருந்தாங்க. இளநீரில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் நல்லா இருந்தா ஒண்ணு குடிச்சா பிரச்சினை இல்லை. கிரியாட்டினின் ஏறியிருந்தா டாக்டரைக் கேட்காம வேண்டாம்.